பெங்களூரு நாகசந்திரா ஐகியா: சில்லறை சாமானுக்கு ஓகே, பீரோவுக்கு ஆசாரிதான்

ஐகியான்னா ஸ்வீடன்ல ஆரம்பிச்ச ஃபர்னிச்சர், வீட்டு சாமான் கடை. மார்க் முதல்லயே போட்டுடறேன். கடைக்கு அஞ்சுக்கு நாலு, சாப்பாட்டுக்கு மூணரை, பெரிய ஃபர்னிச்சருக்கு மூணு. ஏன்னு சொல்லத்தான் இவ்வளவு நீளம், பொறுமை இல்லாதவங்க நேரா கடைசிக்கு போயிடுங்க.

நான் கரூர்ல ஒரு ஹோம் டெக்ஸ்டைல் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருந்தவ, கல்யாணத்துக்கு அப்புறம்தான் பெங்களூரு. அதனால கிச்சன் டவல் கைல எடுத்தா விலைய பாக்கறதுக்கு முன்னாடி மடிப்ப திருப்பி தையல பாத்துடுவேன், அது ஒரு வியாதி. கரூர்ல கர்ட்டன், ஏப்ரன், குஷன் கவர், டவல்னு தச்சு அனுப்பற யூனிட்டுங்கள்ல ஐகியாவுக்கு பண்றவங்களும் இருக்காங்க. ஐகியா இங்க கடை தொறந்ததுதான் 2018, ஆனா அதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியிருந்தே நம்ம நாட்டுல இருந்து சரக்கு வாங்கிட்டு இருக்காங்க. நம்ம ஊர்ல நெய்ஞ்சு தச்ச துணி கப்பலேறி போய் எங்கயோ ஒரு ஊர்ல மஞ்சள் பையில விழுந்துட்டு இருந்துச்சு, நமக்கு மட்டும் கடை இல்ல.

ஏன் இல்லன்னா சட்டம் விடல. ஒரே பிராண்டு விக்கற வெளிநாட்டு கடைன்னா அப்போ 51 சதவீதத்துக்கு மேல முதலீடு வெச்சுக்க முடியாது, மீதிக்கு உள்ளூர் பார்ட்னர் வேணும். ஐகியா பார்ட்னர் வெச்சு நடத்தற பழக்கம் எங்களுக்கு சரிவராதுன்னு 2009ல திட்டத்தையே மூட்ட கட்டிட்டாங்க. 2012ல 100 சதவீதம் வெச்சுக்கலாம்னு அரசாங்கம் மாத்துச்சு, ஆனா 30 சதவீத சரக்கு இந்தியாலயே வாங்கணும்னு கூட ஒரு கண்டிஷன். அதுவும் முதல்ல சிறு தொழில்கள் கிட்ட இருந்து மட்டும்னு இருந்துச்சு, சின்ன யூனிட்கிட்ட ஆர்டர் குடுத்தா அவன் ஆர்டர் செஞ்சு செஞ்சே பெரிய யூனிட் ஆயிடுவான், அப்புறம் அவன் கணக்குல வரமாட்டான்ல, அந்த பஞ்சாயத்துக்கு அப்புறம் அதையும் தளர்த்துனாங்க. கடைக்குள்ள சாப்பாட்டு கவுண்டர் வைக்கக்கூட முதல்ல ஒத்துக்கல, ஃபர்னிச்சர் விக்க வந்தவனுக்கு எதுக்கு ஹோட்டல்னு நினைச்சாங்களோ என்னவோ. 2013ல முழு அனுமதி வந்து, நிலம் பாத்து, கட்டி, ஹைதராபாத்ல முதல் கடை தொறக்க 2018 ஆகஸ்ட் 9 ஆயிடுச்சு. அப்புறம் 2020 டிசம்பர்ல நவி மும்பை, 2022 ஜூன்ல நம்ம நாகசந்திரா.

இங்க போறதுக்கு மெட்ரோ பச்சை லைன் பெஸ்ட், ஸ்டேஷன ஒட்டியே கடை. கார்ல தும்கூரு ரோடு வழியா சனிக்கிழமை போறது நீங்களா தேடிக்கற தண்டனை.

நான் போனது அம்மாவோட. எங்க வீட்டுக்காரரும் வந்தாரு, ஆனா அவரு சோபா செக்‌ஷன்லயே உக்காந்துட்டாரு, கணக்குல சேக்கல. உள்ள நுழைஞ்சதும் தரைல அம்புக்குறி, அது போற வழிலதான் நாமளும் போகணும், ஹால், பெட்ரூம், கிச்சன், குழந்தைங்க ரூம்னு செட் போட்டு வெச்ச ரூம் ரூமா சுத்தி கடைசிலதான் சாமான் எடுக்கற எடம் வரும். நடுவுல குறுக்கு வழி இருக்கு, போர்ட பாத்தா தெரியும், ஆனா முதல் தடவ போறவங்க யாரும் கவனிக்க மாட்டாங்க. மொத்தம் 4.6 லட்சம் சதுர அடி. அம்மா பாதி வழில "ஏன் கண்ணு, ஒரு கரண்டி வாங்கறதுக்கு கிரிவலமா?"ன்னு கேட்டுட்டாங்க.

கிச்சன் செக்‌ஷன்லதான் ரொம்ப நேரம் நின்னோம். அம்மா ஒவ்வொரு மாடல் கிச்சன்லயும் மேடை முன்னாடி போய் நின்னு, முழங்கைய மடக்கி, சப்பாத்தி தேய்க்கற மாதிரி கைய ஓட்டி பாத்தாங்க. நின்னு பாத்துட்டு "இது ஒசரம் சரியா இருக்கு, தோள் வலிக்காது"ன்னாங்க. அது தானா அமைஞ்சதில்ல. கடை தொறக்கறதுக்கு முன்னாடி ஐகியா ஆளுங்க இந்தியால ஏறக்குறைய ஆயிரம் வீட்டுக்கு நேர்ல போய் பாத்திருக்காங்க, எப்படி சமைக்கறாங்க, எங்க தூங்கறாங்க, துணி எங்க மடிச்சு வைக்கறாங்கன்னு. நம்ம பொம்பளைங்க சராசரி ஒசரம் ஸ்வீடன்காரிய விட கம்மிங்கறதால சில கேபினட், மேடையெல்லாம் எறக்கி வெச்சாங்க. சொந்தக்காரங்க சொல்லாம கொள்ளாம வந்து நிப்பாங்கன்னு மடக்கு நாற்காலி, ஸ்டூல் அதிகமா சேத்தாங்க. குழந்தைங்க பிளாஸ்டிக் ஸ்பூன் செட்ல வெளிநாட்டுல கத்தியும் முள்கரண்டியும் இருக்கும், இங்க வெறும் ஸ்பூனா போட்டு குடுத்தாங்க. யார் வீட்டுல மூணு வயசு குழந்தை கத்தி வெச்சு இட்லி சாப்பிடுது? மெத்தைல தேங்கா நார் வெச்ச ரகமும் இந்தியாவுக்காக கொண்டு வந்தாங்க, நம்ம ஆளுங்களுக்கு மெத்தை அமுங்கக்கூடாது, அமுங்குனா முதுகு வலின்னு ஒரு நம்பிக்கை, அந்த நம்பிக்கைக்கு முன்னாடி எந்த ஃபோமும் நிக்காது.

அம்மா கடைசியா ஒரு கேள்வி கேட்டாங்க, "எல்லாஞ்சரி, இதுல கிரைண்டர் எங்க வைக்கறது?" நானும் பதில் சொல்லல, அவங்களும் விடல. அடுத்தடுத்த கிச்சன்லயும் அதையேதான் தேடிட்டு வந்தாங்க.

இவ்வளவு மெனக்கெடறதுக்கு பின்னாடி பழைய அடி இருக்கு. 1974ல ஜப்பானுக்கு போனாங்க, 1986ல மூட்டைய கட்டிட்டு வந்துட்டாங்க. சின்ன வீடு, வேற அளவு, சாமான் வாங்கி வீட்டுல போய் நானே ஸ்குரூ முடுக்கணுமான்னு ஜப்பான்காரன் யோசிச்சான். திரும்ப போனது 2006ல. அமெரிக்காவுக்கு 1985ல போனப்போ கட்டில், பெட்ஷீட் எல்லாம் ஸ்வீடன் சென்டிமீட்டர் அளவுல இருந்துச்சு, அமெரிக்கா பெட்ஷீட் அதுல பொருந்தல. கிளாஸ் ரொம்ப சின்னது, ஐஸ் போட்டு குடிக்கற ஜனங்களுக்கு பத்தாதுல்ல, அவங்க பூ வைக்கற ஜாடிய வாங்கி தண்ணி குடிக்க ஆரம்பிச்சுட்டாங்களாம். பூ ஜாடி திடீர்னு ஏன் இப்படி விக்குதுன்னு பாக்கப்போய்தான் விஷயம் தெரிஞ்சிருக்கு. சீனாவுல 1998ல தொறந்தப்போ ஐரோப்பால மலிவுன்னு பேரெடுத்த கடை அங்க காஸ்ட்லி கடையா தெரிஞ்சுச்சு, அங்கயே உற்பத்தி பண்ணி விலைய எறக்குன பிறகுதான் சூடு பிடிச்சுது. பிசினஸ் ஸ்கூல்ல "சுற்றுச்சூழல் காரணிகள்"னு ஒரு சேப்டர் வரும், பரிச்சைக்கு மனப்பாடம் பண்ணதோட சரி. சட்டம், வரி, வீட்டு அளவு, ஜனங்க ஒசரம், சாப்பாட்டுப் பழக்கம், கூலி ரேட்டு, எல்லாம் சேந்ததுதான் அது, இந்த கடைல ஒரு ரவுண்டு வந்தா புத்தகத்த விட நல்லா புரியும்.

சாப்பாட்டுக்கு வரேன். ஆயிரம் பேரு உக்கார்ற மாதிரி ரெஸ்டாரண்ட், டிராலில தட்டு அடுக்கிட்டு போற ஏற்பாடு நல்லா இருக்கு. ஸ்வீடன்ல மீட்பால்னா மாட்டுக்கறியும் பன்னிக்கறியும் கலந்தது, இங்க அது ரெண்டும் கிடையாது, சிக்கன் உருண்டை, இல்லன்னா வெஜ் உருண்டை. கூட மசிச்ச உருளைக்கிழங்கு, ஒரு புளிப்பு இனிப்பு ஜாம். எனக்கு பிடிச்சுது, அம்மாவுக்கு கறியோட ஜாம் எதுக்குன்னு ஒரே குழப்பம், அவங்க பிரியாணி வாங்கிட்டாங்க. பெங்களூருல சுத்தி எத்தனையோ பிரியாணி கடை இருக்கறப்போ இங்க வந்து பிரியாணி சாப்பிடணுமான்னா, நடந்து நடந்து கால் கெஞ்சறப்போ எதுவும் ருசிக்கும். ஐகியாவோட கணக்கும் அதுதான், பசியோட இருக்கறவன் சாமான் வாங்க மாட்டான், வீட்டுக்கு ஓடிடுவான், அவனுக்கு சோறு போட்டு உள்ளயே வெச்சுக்கோ. அரசாங்கத்துக்கிட்ட அந்த கவுண்டருக்காக ஏன் மல்லுக்கட்டுனாங்கன்னு அங்க உக்காந்திருக்கற கூட்டத்த பாத்தா தெரியும்.

இப்போ ஃபர்னிச்சர். இதுலதான் எனக்கு மாற்றுக்கருத்து.

ஐகியா எல்லாத்தையும் மாத்துவாங்க, ஒன்னே ஒன்ன மாத்த மாட்டாங்க, அது தட்டை அட்டைப் பெட்டி. மேசைக்கு கால கழட்டி, பலகையா பேக் பண்ணி, நீயே எடுத்துட்டு போய் நீயே மாட்டிக்கோங்கறது. ஐம்பதுகள்ல ஆரம்பிச்ச வழக்கம் அது, கம்பெனியே 1943ல இங்வார் காம்பிராட்னு 17 வயசு பையன் ஆரம்பிச்சது, முதல் பெரிய கடை 1958ல. விலை கம்மியா விக்கறான்னு ஸ்வீடன் ஃபர்னிச்சர் வியாபாரிங்க எல்லாம் ஒன்னு சேந்து, இவனுக்கு சப்ளை பண்ணா உங்ககிட்ட நாங்க வாங்க மாட்டோம்னு சப்ளையர்கள மிரட்டுனாங்க. அதுல மாட்டிக்கிட்டு சொந்தமா டிசைன் பண்ண ஆரம்பிச்சாரு, 1961ல போலந்து பக்கம் போய் சரக்கு செய்ய வெச்சாரு. அப்போ போலந்து கம்யூனிஸ்ட் நாடு, நடுவுல பனிப்போர், அதெல்லாம் தாண்டி. உள்ளூர்ல கதவ சாத்துனதாலதான் அந்த கம்பெனிக்கு வெளிநாட்டு சரக்கு பழக்கமாச்சு. சப்ளை செயின்ங்கற அவங்க பலமே எதிரிங்க குடுத்த சீதனம்.

தட்டை பெட்டி ஏன் முக்கியம்னு எக்ஸ்போர்ட்ல இருந்தவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. கன்டெய்னர் வாடகை எடைக்கு முன்னாடி எடத்த பாத்துதான் வரும், சிபிஎம், அதாவது கன மீட்டர் கணக்கு. நாங்க குஷன் ஏத்தறப்போ காத்த உறிஞ்சி தட்டையாக்கி பேக் பண்ணுவோம், இல்லன்னா பாதி கன்டெய்னர் காத்துதான் போகும், அந்த காத்துக்கும் ஃபிரைட் கட்டணும். 2023 கடைசில செங்கடல்ல கப்பலுங்கள தாக்க ஆரம்பிச்சு சூயஸ் பக்கம் போகாம ஆப்பிரிக்காவ சுத்திக்கிட்டு போனப்போ ஐகியாவே சில சரக்கு லேட் ஆகும்னு சொன்னாங்க. தட்டையா கட்டற கம்பெனிக்கே அந்த நிலைமை.

ஆனா கேள்வி இதுதான். நானே மாட்டிக்கறதால எனக்கு என்ன மிச்சம்? ஸ்வீடன்ல ஒரு தச்சர வீட்டுக்கு கூப்பிட்டா கூலி கண்ண கட்டும், அதனால சனிக்கிழமை ஒக்காந்து நாமளே மாட்டிக்கறது லாபம். இங்க? போன் பண்ணா ஆசாரி டேப்போட வந்து நிக்கறாரு, லாஃப்ட் வரைக்கும் அளந்து, பீரோ மேல தூசி அடையற அந்த ரெண்டடி இடைவெளி கூட இல்லாம அடிச்சு குடுத்துட்டு போறாரு. உள்ள லாக்கர் வேணுமா, சாமி படம் வைக்க தட்டு வேணுமா, பேசிக்கிட்டே மாத்திக்கலாம். கூலி மலிவா இருக்கற ஊர்ல "நீயே மாட்டிக்கோ"ங்கறது சலுகை இல்ல, வேலை. அது அவங்களுக்கும் தெரிஞ்சுதான் ஹைதராபாத்ல தொறந்தப்பவே வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பற அர்பன்கிளாப் கம்பெனி கூட கூட்டு வெச்சு மாட்டி குடுக்கற ஆளுங்கள ஏற்பாடு பண்ணாங்க. அதுக்கு தனி காசு. அந்த காசையும் டெலிவரியையும் சேத்து பாத்தா ஆசாரி ரேட்டுக்கு பக்கத்துல வந்துடுது, சில சாமானுக்கு அதுக்கு மேலயே போகுது.

இன்னொன்னு தண்ணி. நம்ம வீட்டுல தரை துடைக்கறது இல்ல, கழுவறது. போன வீட்டுல பக்கத்து தெரு கடை ஒன்னுல வாங்கின டிவி ஸ்டேண்டு, பார்ட்டிகல் போர்டு, அதாவது மரத்தூள அழுத்தி செஞ்ச பலகை, ஒரே மழைக்காலத்துல அடி உப்பி ரொட்டி மாதிரி ஆயிடுச்சு, கடைக்காரர்கிட்ட கேட்டா "துடைக்காதீங்க மேடம்"ங்கறாரு. அதுல இருந்து போர்டு சாமான் எந்த கடையா இருந்தாலும் கால் இரும்புலயோ பிளாஸ்டிக்லயோ இருந்தாத்தான் வாங்கறது. ஐகியாலயும் அப்படி பாத்துதான் எடுத்தேன், அந்த மாதிரி ரகம் நிறைய இருக்கு, லேபிள்ல என்ன மெட்டீரியல்னு தெளிவா போட்டிருக்கறது ஒரு பெரிய நல்ல விஷயம். எத்தன லோக்கல் ஷோரூம்ல "தேக்கு மாதிரி மேடம்"னு சொல்லி தப்பிச்சுக்கறாங்க.

விலை பத்தி புலம்பறவங்களுக்கு ஒரு விஷயம். வெளிநாட்டு ஃபர்னிச்சருக்கு இறக்குமதி வரிய 2020 பட்ஜெட்ல 20 சதவீதத்துல இருந்து 25 ஆக்கிட்டாங்க. பொம்மைன்னா 2021 ஜனவரில இருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், செய்யற ஃபேக்டரி எந்த நாட்டுல இருந்தாலும் லைசென்ஸ் வாங்கணும். அதனால வெளிநாட்டுக்கு போன சொந்தக்காரங்க அனுப்பற போட்டோல இருக்கற விலையயும் ரகத்தையும் இங்க தேடாதீங்க. உள்ளூர்ல செய்யறது எவ்வளவு கூடுதோ அவ்வளவுதான் விலை எறங்கும். துணி, பாய், மெத்தை இதெல்லாம் இங்கயே செய்யறதால அதுல விலை நல்லாவே இருக்கு.

துணி செக்‌ஷன்ல நான் நின்ன நேரம் வேற கணக்கு. கிச்சன் டவல் கட்டு, மடிப்பு நேரா, மூலைல ரெண்டு தையல் திரும்பி வந்து லாக் ஆகியிருக்கு, நூல் முனை ஒன்னு கூட தொங்கல. பாக்கறவங்களுக்கு வெறும் டவல், எனக்கு அதுக்குப் பின்னாடி இருக்கற செக்கிங் டேபிள் தெரியுது. எக்ஸ்போர்ட் யூனிட்ல ஒரு மிஷின்ல ஊசி ஒடைஞ்சுதுன்னா லைன நிறுத்தி ஒடைஞ்ச துண்டு எல்லாத்தையும் தேடி எடுத்து, ஒன்னா சேத்து முழு ஊசி ஆகுதான்னு பாத்து, டேப் போட்டு ரெஜிஸ்டர்ல ஒட்டி தேதியோட கையெழுத்து போடணும். ஒரு துண்டு கெடைக்கலன்னா அந்த கட்டு முழுக்க மெட்டல் டிடெக்டர்ல போகும். சாயங்காலம் ஆறு மணிக்கு கன்டெய்னர் ஏத்தணும்னு எல்லாரும் கத்திட்டு இருக்கறப்போ நாலு பேரு தரைல டார்ச் அடிச்சு ஊசி முனை தேடிட்டு இருப்போம்.

ஐகியா சப்ளையர்களுக்கு ஐவேன்னு ஒரு விதிமுறை வெச்சிருக்காங்க, 2000ல கொண்டு வந்தது. தொண்ணூறுகள்ல பாகிஸ்தான், இந்தியா பக்கம் கம்பளம் நெய்யற எடத்துல குழந்தைங்க வேலை செய்யறத டிவில காமிச்சு பெரிய பிரச்சினை ஆச்சு, அதுக்கு அப்புறம்தான் இது எல்லாம். சப்ளையர மட்டும் வெட்டி விட்டா குழந்தைங்க வேற தறிக்குத்தான் போகும்னு, யுனிசெஃப் கூட சேந்து உத்தரப்பிரதேசத்துல கம்பளம் நெய்யற கிராமங்கள்ல பள்ளிக்கூட வேலையும் பண்ணாங்க. தலைமை ஆபீஸ்ல போடற ஒரு விதி, கரூர் பக்கம் ஃபேக்டரில கக்கூஸ் எத்தனை, ஃபயர் எக்சிட் பூட்டியிருக்கா, ஓவர்டைம் எத்தன மணி நேரம்ங்கற வரைக்கும் வந்து நிக்கும். ஆடிட் வரதுன்னா யூனிட்ல தீபாவளிக்கு வெள்ளையடிக்கற பரபரப்பு இருக்கும், சரக்கு வாங்கற கம்பெனி எதுவா இருந்தாலும். சில மொதலாளிங்க திட்டுவாங்க, விலைய ஒரு பக்கம் குறைக்க சொல்றான், செலவ ஒரு பக்கம் ஏத்தறான்னு. அதுலயும் நியாயம் இருக்கு. ஆனா லைன்ல ஒக்காந்து தைக்கற அக்காங்ககிட்ட கேட்டா வேற பதில் வரும், குடிக்க நல்ல தண்ணியும் ஃபேனும் ஆடிட்டாலதான் வந்துச்சும்பாங்க.

இந்த கம்பெனி அமைப்பு வேற ஒரு புதிர். பேரு, டிசைன், கடை நடத்தற முறை எல்லாம் இன்டர் ஐகியாங்கற ஒரு குரூப் கைல. நாகசந்திரா கடைய நடத்தறது இன்காங்கற வேற குரூப், அவங்க ஃபிரான்சைஸ் எடுத்தவங்க, விற்பனைல 3 சதவீதம் ஃபீஸ் கட்டறாங்க. இன்காவுக்கு சொந்தக்காரர் யாருன்னா நெதர்லாந்துல 1982ல ஆரம்பிச்ச ஒரு ஃபவுண்டேஷன். ஷேர் மார்க்கெட்ல கிடையாது. வரிய மிச்சம் பிடிக்கத்தான் இந்த சுத்தி வளைப்புன்னு திட்டறவங்க உண்டு, திட்டறதுல தப்பில்ல. ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவ லாபம் எங்கன்னு கேக்க ஷேர்ஹோல்டர் கிடையாதுங்கறதாலதான் இந்தியால இப்படி ஒக்காந்திருக்க முடியுது. 2023-24ல மட்டும் இங்க ஆயிரம் கோடிக்கு மேல நஷ்டம், வேற கம்பெனியா இருந்தா எப்பவோ கிளம்பியிருக்கும்.  

சரி, என்ன வாங்கலாம்னு கேட்டா: கிச்சன் டவல், கண்ணாடி டப்பா, ஹேங்கர், குஷன் கவர், குழந்தைங்க ஸ்டூல், பெட்ஷீட், டேபிள் லேம்ப் கண்ண மூடிட்டு வாங்கலாம். மெத்தைல படுத்து பாத்து வாங்குங்க, அங்க படுக்கலாம், யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க, பக்கத்து கட்டில்ல ஒரு குடும்பமே படுத்து பேசிட்டு இருந்துச்சு. வாடகை வீடு, அடிக்கடி ஊர் மாத்தறவங்கன்னா தட்டை பெட்டி ஃபர்னிச்சர் ஓகே, நம்பர பாத்து கழட்டி பேக் பண்ணிக்கலாம், ஆனா போர்டு சாமான ரெண்டு மூணு தடவைக்கு மேல கழட்டி மாட்டுனா ஸ்குரூ பிடிக்காது. சொந்த வீடு, சுவத்தோட பீரோ, லாஃப்ட், பூஜை அலமாரின்னா ஆசாரிதான், நல்ல பிளைவுட் வாங்கி குடுத்து ஒக்காந்து செய்ய வைங்க.

வாரநாள்ல காலைல போங்க. மேல பிடிச்ச பொருளோட டேக்க போட்டோ எடுத்துக்கோங்க, அதுல இருக்கற வரிசை நம்பர வெச்சுத்தான் கீழ குடோன்ல தேடணும். பை வீட்டுல இருந்து எடுத்துட்டு போங்க, அங்க பைக்கு காசு. பெரிய பெட்டிய வெளில நிக்கற டெம்போல ஏத்தறதா இருந்தா ஏத்தறதுக்கு முன்னாடியே ரேட் பேசிடுங்க, ஏத்துன பிறகு மாடிப்படிக்கு தனின்னு ஆரம்பிப்பாங்க. வயசானவங்கள கூட்டிட்டு போனா முதல் குறுக்கு வழிலயே திருப்பிடுங்க, நேரா ரெஸ்டாரண்ட்ல ஒக்கார வெச்சுட்டு நீங்க மட்டும் சுத்துங்க.